புளோக்கஸ் பெட்டியில் குறைவது ஒரு துண்டு மட்டும்தானா?

கேள்வி: ஹட்டன் அம்மா

வணக்கம். பழைய பொருட்கள் விற்கும் கடையொன்றில் என் தம்பி வாங்கிய புளோக்கஸ் என்ற பலகை விளையாட்டுப் பெட்டியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுக் கொழும்புக்குத் திரும்பிவிட்டார். பெட்டிக்குள் நீளத்திலும் அகலத்திலும் இருபது கட்டங்கள் கொண்ட பலகையும், நீலம், மஞ்சள், சிவப்பு, பச்சை நிறத் துண்டுகளும் இருக்கின்றன. விதிகள் அச்சிட்ட தாள் மட்டும் இல்லை. ஒரு வாரமாக மழை விடவில்லை. முற்றத்தில் இறங்க வழியில்லாத பிள்ளைகள், விதிகளைத் தாங்களே ஊகித்து விளையாடி, ஊகத்துக்காகவே சண்டையும் பிடிக்கிறார்கள்.

மற்ற மூன்று நிறங்களிலும் 21 துண்டுகள் வீதம் இருக்க, பச்சையில் 20 மட்டுமே உள்ளன. அது போகட்டும். தரம் 6இல் படிக்கும் மூத்தவன், நீலத்தில் நான்கு கட்டத் துண்டுகள் ஐந்தையும் பொறுக்கியெடுத்து, அவற்றின் இருபது கட்டங்களும் நான்குக்கு ஐந்து என்ற செவ்வகத்தில் அடங்கியே ஆகவேண்டும் என்று இரண்டு மாலைகள் முயன்றான். அடங்கவில்லை. வேறு பெட்டியின் துண்டுகள் கலந்துவிட்டன என்கிறான். அவன் சொல்வது சரியா? ஏழு வயது மகளும் என் மாமியாரும் சேர்ந்து மூவர் விளையாடும்போது நான்காவது நிறத்தை என்ன செய்வது?

பதில்: தலவாக்கலை வாசகர்

அக்கா, விதிகள் மிகக் குறைவு. மாமியாருக்கு ஒரெழுத்தும் வாசிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு நிறத்தின் முதல் துண்டும் பலகையின் ஒரு மூலைக் கட்டத்தை மூடவேண்டும். அதன்பின் வைக்கும் ஒவ்வொரு துண்டும் தன் நிறத் துண்டொன்றை மூலையோடு மூலையாகத் தொடவேண்டுமே தவிர, பக்கத்தோடு பக்கமாகத் தொடக்கூடாது. பிற நிறங்களோடு பக்கம் உரசலாம். துண்டைத் திருப்பலாம், கவிழ்க்கலாம். வைத்தபின் நகர்த்த முடியாது. இடம் கிடைக்காதவர் தன் முறையை விட்டுவிட, எவராலும் வைக்க முடியாத நிலையில் ஆட்டம் முடியும். கையில் எஞ்சிய கட்டங்களை எண்ணிப் பார்த்து, குறைவாக வைத்திருப்பவரே வென்றார் என்று கொள்ளுங்கள்.

மூவர் ஆடும்போது நான்காவது நிறத்தை மூவரும் முறைவைத்து மாறிமாறி வைப்பார்கள். அதன் புள்ளியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே குறையுள்ள பச்சையை இப்போதைக்கு அந்தப் பொது நிறமாக்கிவிட்டால் எவருக்கும் நட்டமில்லை.

சின்னவளுக்கு ஒரு சொல்: பெரிய துண்டுகளை முதலில் இறக்கி, பலகையின் நடுவை நோக்கி விரைந்து போகட்டும். ஒரு கட்டத் துண்டையும் இரண்டு கட்டத் துண்டையும் கடைசிவரை பத்திரப்படுத்தட்டும். எங்கள் வீட்டில் பெரியவர்கள் அவ்விரண்டையும் முதல் நான்கு முறைக்குள் வைத்துவிட வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. பெட்டியில் வந்த விதி அல்ல, என் மகள் அழுது பெற்றது.

பதில்: பண்டாரவளைக் கணித ஆசிரியர்

உங்கள் மகனின் துண்டுகள் சரியானவையே. அவர் நாடிய செவ்வகந்தான் இயலாதது. கைத்திறன் போதாமையால் அல்ல, எவராலும் இயலாது என்று நிறுவவே முடியும், அதற்கு ஒரு சதுரக் கோட்டுக் கொப்பியும் பென்சிலும் போதும். நான்குக்கு ஐந்து செவ்வகத்தை வரைந்து, சதுரங்கப் பலகையைப் போல ஒன்றுவிட்டு ஒன்று கறுப்பாக்கச் சொல்லுங்கள். கறுப்பு பத்து, வெள்ளை பத்து வரும். நான்கு கட்டத் துண்டுகளில் நேர்க்கோடு, சதுரம், வளைந்த கால், நெளிவு ஆகிய நான்கும் எங்கு வைத்தாலும் இரண்டு கறுப்பையும் இரண்டு வெள்ளையையும் மூடும். மூன்று கட்டங்கள் வரிசையாக நிற்க நடுக்கட்டத்தில் நான்காவது ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டு மட்டும் ஒரு நிறத்தில் மூன்றையும் மறுநிறத்தில் ஒன்றையும் மூடும். கூட்டினால் பதினொன்றும் ஒன்பதும். செவ்வகமோ பத்தும் பத்தும் கேட்கிறது. இரண்டு மாலைகள் முயன்ற பிள்ளைக்கு இந்தக் கணக்கை நீங்கள் சொல்லிவிடாமல், கறுப்பாக்கும் இடம்வரை கொண்டுபோய் நிறுத்தினால் மீதியை அவரே பிடித்துக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

இத்தகைய வடிவங்களுக்குப் பொலியோமினோ என்ற பெயரைக் கணிதவியலாளர் சொலமன் கொலோம்ப் 1953இல் ஹார்வர்ட் மாணவர்களின் கணிதக் கழகத்தில் ஆற்றிய உரையொன்றில் வைத்தார். புளோக்கஸ் வெளிவந்தது 2000இல். ஒரு கட்டம் முதல் ஐந்து கட்டம் வரை உருவாகக்கூடிய அத்தனை வடிவங்களும் ஒவ்வொரு நிறத்திலும் ஒருமுறை உண்டு: ஒன்று, ஒன்று, இரண்டு, ஐந்து, பன்னிரண்டு. மொத்தம் 21 துண்டுகள், 89 கட்டங்கள். பச்சையின் கட்டங்களை எண்ணி 89இலிருந்து கழித்தால், காணாமற்போன துண்டு எத்தனை கட்டத் துண்டு என்று தெரிந்துவிடும்.

ஹட்டன் அம்மா

நன்றி சேர். பச்சையில் 84 கட்டங்கள் இருந்தன. நீலத்தோடு ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்ததில், படிக்கட்டு வடிவத் துண்டுதான் இல்லை. மகன் கறுப்பு வெள்ளைக் கணக்கைப் பிடித்துக்கொண்டான். உடனே, 21 துண்டுகளையும் சேர்த்தால் செவ்வகம் வருமா என்று கேட்கிறான்.

பதில்: நுவரெலியாத் தச்சர்

படிக்கட்டுத் துண்டைச் செய்வது பெரிய வேலையல்ல. முன்பு தேயிலைப் பெட்டியின் மெல்லிய பலகை எந்த வீட்டிலும் கிடைக்கும். தேயிலை கடதாசிச் சாக்குக்கு மாறியபின் அதைத் தேட வேண்டியிருக்கிறது. தடித்த மட்டையை மூன்று நான்கு அடுக்காக ஒட்டினாலும் போதும். நீலப் படிக்கட்டை மட்டையின்மேல் வைத்து ஓரத்தைப் பென்சிலால் வரைந்து, கோட்டுக்கு உட்புறமாக வெட்டுங்கள். கோட்டின்மேல் வெட்டினால் நிறப்பூச்சின் தடிப்பும் சேர்ந்து, பலகையின் வரம்புக்குள் இறங்காது.

பதில்: பண்டாரவளைக் கணித ஆசிரியர்

89 பகா எண் என்பதால், ஒரு கட்ட அகலமுள்ள நீண்ட கோட்டைத் தவிர வேறு செவ்வகத்துக்கு வழியில்லை; அந்தக் கோட்டிலோ வளைந்த துண்டுகள் அடங்கா. ஆனால் ஐந்து கட்டத் துண்டுகள் பன்னிரண்டை மட்டும் எடுத்தால் அறுபது கட்டங்கள். ஆறுக்குப் பத்து என்ற செவ்வகத்தில் அவை 2339 வகையாக அடங்கும். மூன்றுக்கு இருபது என்றால் இரண்டே வகைதான். முதலில் ஆறுக்குப் பத்தில் தொடங்கட்டும், ஒரு வாரம் போகும். மட்டைத் துண்டு காயும்வரை பச்சையில் வேண்டாம், நீலத்தில் முயலட்டும்.