ஒரு வருஷம் தாண்டிவிட்டது, ஓடியது 4,200 கி.மீ. மட்டும்: இன்ஜின் ஆயிலை மாற்றியே ஆக வேண்டுமா?

வேளச்சேரி_வண்டி:
எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 2019 பெட்ரோல் ஹேட்ச்பேக், 1.2 லிட்டர், டர்போ கிடையாது. தினமும் வேளச்சேரியிலிருந்து கிண்டிக்கு ஆபீஸ், போக 6 வர 6, காலையில் அந்த ஆறு கிலோமீட்டருக்கே அரை மணி நேரம் ஆகிறது. மற்றபடி பிள்ளையை ஸ்கூலில் விட ஒரு கிலோமீட்டர், ஞாயிறன்று கோயில், கடை, அவ்வளவுதான். கடைசியாக ஆயில் மாற்றி 14 மாதம் ஆகிறது, அதற்குப் பிறகு ஓடியது 4,200 மட்டுமே. வண்டியோடு வந்த கையேட்டில் 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முன்னால் வருகிறதோ அது என்று போட்டிருக்கிறது. தெருமுனை மெக்கானிக் 5,000 என்கிறார். பல வருஷம் அம்பாசிடர் ஓட்டிய மாமனாரோ 3,000க்கு ஒருமுறை மாற்றாவிட்டால் இன்ஜின் போய்விடும் என்கிறார். பாதிகூட ஓடாத ஆயிலை வடித்துவிட மனசு வரவில்லை. 10,000 வரை விடலாமா?

கணக்குப்_பிள்ளை:
விடாதீர்கள். நீங்கள் கிலோமீட்டரைப் பார்க்கிறீர்கள், ஆயிலுக்குத் தெரிந்தது இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதுதான். உங்கள் வண்டி சராசரியாக மணிக்கு 15 கி.மீ. போகிறது என்றால் 4,200 கி.மீ.க்கு 280 மணி நேரம். அதே வண்டி ஹைவேயில் சராசரி 60இல் 10,000 கி.மீ. ஓடினால் ஏறக்குறைய 167 மணி நேரம்தான். சிக்னலில் ஏசி போட்டு நின்ற நேரம் எதுவும் மீட்டரில் ஏறவில்லை, ஆனால் அந்த நேரமெல்லாம் ஆயில் சூட்டில் சுற்றிக்கொண்டேதான் இருந்தது. கையேட்டில் அட்டவணைக்குப் பக்கத்திலேயே கடுமையான பயன்பாடு என்று ஒரு பகுதி இருக்கும், பலர் அதைப் படிப்பதே இல்லை. குறைந்த தூர ஓட்டம், நெரிசல், தூசி ரோடு எல்லாம் அதில்தான் வருகிறது. நாம் நினைக்கிற சாதாரண ஓட்டம் கம்பெனிக்காரர்கள் கணக்கில் கடுமையான ஓட்டம்.

பீளமேடு_பட்டறை:
தம்பி சொன்ன மணிக்கணக்கு சரி. நான் 22 வருஷமாக இன்ஜின் வேலை செய்கிறேன், ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். நெரிசலில் அரை மணி நேரம் ஓடினால் சென்னை வெயிலுக்கு ஆயில் நன்றாகச் சூடாகிவிடும், எனக்கு அது பெரிய கவலை இல்லை. அந்த ஒரு கிலோமீட்டர் ஸ்கூல் ஓட்டம்தான் கவலை. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது பெட்ரோல் கூடுதலாக இறங்கும், எரியாத மிச்சமும் எரிந்ததில் வரும் நீராவியும் பிஸ்டன் ஓரமாகக் கசிந்து ஆயிலில் கலக்கும். வண்டி தொடர்ந்து ஓடினால் அது ஆவியாகிப் போய்விடும். மூன்று நிமிஷத்தில் நிறுத்தினால் அங்கேயே தங்கி, கொஞ்ச நாளில் அமிலமாகும். அந்த அமிலத்தை முறிக்கத்தான் ஆயிலில் மருந்து கலந்திருக்கிறார்கள், அந்த மருந்து தீர்ந்துபோவது கண்ணுக்குத் தெரியாது. ஒரு வருஷக் கெடு வைத்திருப்பது இதனால்தான். மழைக்காலத்தில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள், அடியில் மோர் நிறத்தில் படலம் இருந்தால் அதில் தண்ணீர் தங்குகிறது என்று அர்த்தம். அதோடு இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்டும் குறைந்திருந்தால் மட்டும் உடனே யாரிடமாவது காட்டுங்கள்.

உங்கள் மாமனார் சொன்னதும் அவர் காலத்துக்குச் சரியானதே. கார்புரேட்டர் வண்டி, அன்றைய மினரல் ஆயில், 3,000 என்பது நியாயமான கணக்கு. இன்றைய ஆயிலும் இன்ஜினும் வேறு.

டீசல்_திருச்சி:
டீசல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிஎஸ்6 புகை விதிப்படி வந்த டீசல் வண்டியில் புகைக்கரியை வடிகட்ட ஒரு ஃபில்டர் உண்டு, அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்யும்போது டீசல் கொஞ்சம் ஆயிலில் இறங்கும். எனக்குச் சிட்டி ஓட்டம்தான், அந்த எரிப்பு முடிவதற்குள் அடிக்கடி பாதியிலேயே வண்டியை நிறுத்திவிடுவேன். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் அளவு ஏறியிருந்தது, ஆயில் குறையவில்லை என்று சந்தோஷப்பட்டேன். நான் போன சர்வீஸ் சென்டரிலும் அப்போது எதுவும் சொல்லவில்லை. அளவு ஏறினால் அது நல்ல செய்தி இல்லை, ஆயில் நீர்த்துப்போகிறது என்று அர்த்தம், டர்போவுக்கு அது ஆகாது.

வேளச்சேரி_வண்டி:
நன்றி அண்ணா, நன்றி நண்பர்களே. இன்று காலை வண்டியை எடுப்பதற்கு முன் டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பார்த்தேன். கறுப்பாக இருக்கிறது, அளவு கீழ்க்கோட்டுக்குச் சற்று மேலே. இந்த வாரமே மாற்றிவிடுகிறேன். மெக்கானிக் கெட்டியான 20 டபிள்யூ 40 ஆயில் ஊற்றினால் வெயிலுக்குத் தாங்கும் என்கிறார், கையேட்டில் இருப்பது 5 டபிள்யூ 30. எதை ஊற்ற?

பீளமேடு_பட்டறை:
5 டபிள்யூ 30, கையேட்டில் என்ன இருக்கிறதோ அதுதான். ஆயில் போகும் வழிகளை அந்த அளவுக்குத்தான் செய்திருக்கிறார்கள், கெட்டியான ஆயில் ஸ்டார்ட் செய்ததும் மேலே ஏறத் தாமதமாகும். நிறத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள், கறுக்கிறது என்றால் அழுக்கைப் பிடித்து வைத்திருக்கிறது. எனக்கு உறுத்துவது அந்தக் கீழ்க்கோடுதான். என்னிடம் பிரிக்க வந்த இன்ஜின்களில் பழைய ஆயிலால் கெட்டதைவிட ஆயில் குறைந்து கெட்டதே அதிகம். மாற்றியதும் மேல்கோடு வரை இருக்கிறதா என்று சமதரையில் நிறுத்திப் பாருங்கள், அப்புறம் மாதம் ஒருமுறை பார்த்து எழுதி வையுங்கள். ஆயில் ஃபில்டரையும் சேர்த்தே மாற்றுங்கள், ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போடச் சொல்லுங்கள், மருந்து ஊற்றி இன்ஜின் உள்ளே கழுவ, அதாவது ஃப்ளஷ் செய்யணும் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் ஓட்டத்துக்கு வருஷத்துக்கு ஒருமுறை போதும், அதற்குள் 5,000 வந்துவிட்டால் அப்போதே மாற்றிவிடுங்கள். ஸ்கூல் ஒரு கிலோமீட்டர்தானே, முடிந்த நாளில் பிள்ளையை நடத்தியே கூட்டிப் போங்கள்.