டிரெய்னிங் மோடில் செய்வதை மேட்சில் செய்யவைப்பது எப்படி? (ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6)

கேள்வி

வணக்கம். 2023 ஜூனில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை வீடியோ கேம் வெளிவந்த நாளிலிருந்து கென் என்ற பாத்திரத்தை வைத்து ஆடி, உயர்நிலையான மாஸ்டர் ரேங்க் வரை வந்திருக்கிறேன். இரண்டு மாதங்களாக என் சித்தி மகனுக்கும் அவனுடைய கல்லூரி நண்பனுக்கும் கற்றுக்கொடுத்து வருகிறேன். தம்பி ரியூவை வைத்து கோல்டு ரேங்கில் நிற்கிறான். நண்பன் கேமியை வைத்து அதற்கு அடுத்த பிளாட்டினத்தில் நிற்கிறான். இருவருமே உழைக்கத் தயங்காதவர்கள்.

டிரெய்னிங் மோடில் (ஆட்டத்திலேயே உள்ள பயிற்சிப் பகுதியில்) தம்பி பத்துக்கு ஒன்பது முறை காம்போவை (தொடர் அடிகளை) தவறாமல் முடிக்கிறான். எதிரே உள்ள பொம்மை தாவி வந்தால் ஷோர்யுகென் (மேல்நோக்கி எழும் குத்து) போட்டு வீழ்த்துகிறான். ஆனால் உண்மையான மேட்சில் எதிராளி நான்கு முறை தாவினால் நான்கு முறையும் அடி வாங்குகிறான். நான் பின்னால் நின்று “தாவுகிறான், பார்” என்று கத்தியும் பயனில்லை. நண்பனோ கார்னரில் (மேடையின் ஓரத்தில்) மாட்டிக்கொண்டால் கையில் கிடைத்த பட்டனையெல்லாம் அழுத்தித் தள்ளுகிறான். ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் ஏழெட்டுத் தவறுகளை எழுதிக்கொடுக்கிறேன். அடுத்த நாள் அதே ஏழெட்டும் திரும்பி வருகின்றன. தவறு அவர்களிடமா, கற்றுக்கொடுக்கும் என்னிடமா?

மறுமொழி 1

தங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது, நண்பரே. ஏழெட்டுத் தவறுகளை ஒரே தாளில் எழுதிக்கொடுத்தால், அடுத்த மேட்சில் அந்தத் தாள் முழுவதும் அவன் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். திரையைப் பார்க்க இடம் இருக்காது. வாரத்துக்கு ஒரு தவறு போதும். மற்ற ஆறும் கண்ணில் பட்டாலும் வாய் திறக்காமல் இருப்பதுதான் கற்றுக்கொடுப்பவருக்கு உள்ள பெரிய சோதனை. இதில் நானே பலமுறை தோற்றிருக்கிறேன்.

எந்தத் தவறை முதலில் எடுப்பது என்பதைவிட, அது எந்த வகைத் தவறு என்று கண்டுபிடிப்பது முக்கியம். வெளியே பார்த்தால் தாவி வந்தவனிடம் அடி வாங்கினான் என்ற ஒரே காட்சிதான் தெரியும். ஆனால் உள்ளே மூன்று வேறு காரணங்கள் இருக்கக்கூடும்: என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம், தெரிந்தும், எதிராளி தாவியதையே கவனிக்காமல் விட்டிருக்கலாம், கவனித்தும், கை உள்ளீட்டைச் சரியாகப் போடாமல் இருந்திருக்கலாம். முதல் வகைக்கு ஒரு முறை விளக்கினால் போதும். மூன்றாம் வகைக்கு டிரெய்னிங் மோட் மருந்து. தங்கள் தம்பிக்கு இருப்பது இரண்டாம் வகை என்று ஊகிக்கிறேன். அதற்குத் தாங்கள் கொடுத்துவருவதோ மூன்றாம் வகைக்கான மருந்து.

கணக்கைப் பாருங்கள். இந்த ஆட்டம் விநாடிக்கு 60 ஃப்ரேம் (திரையில் மாறும் படம்) ஓடுகிறது. ஒரு தாவல் முடிய ஏறத்தாழ முக்கால் விநாடி ஆகிறது. டிரைவ் இம்பாக்ட் என்ற கனத்த அடி வந்து விழ 26 ஃப்ரேம், அதாவது அரை விநாடிக்குச் சற்றுக் குறைவான நேரம். இரண்டுமே மனிதக் கண்ணும் கையும் தாராளமாகப் பதில் சொல்லக்கூடிய நேரங்கள்தான். தாவல் ஒன்றுக்காக மட்டும் காத்திருப்பவன் அதைத் தவறவிடமாட்டான். ஆனால் மேட்சில் அவன் த்ரோ (பிடித்து எறிதல்) வருமா, ஃபயர்பால் (தூரத்திலிருந்து எறியும் ஆற்றல் பந்து) வருமா, இம்பாக்ட் வருமா, இத்தகைய அசைவுகளுக்குச் செலவாகும் தன் டிரைவ் கேஜில் எத்தனை கட்டை மிச்சம் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்துக் காத்திருக்கிறான். தாங்கள் பின்னாலிருந்து கத்துவதும் இந்தக் கூட்டத்தில் ஒன்றாகத்தான் சேர்கிறது. “தாவுகிறான், பார்” என்று சொல்லி முடிப்பதற்குள் எதிராளி தரையிறங்கிக் காம்போவின் பாதியில் இருப்பான்.

ஆகவே, பொம்மைக்கு ஒரே அசைவைக் கொடுக்காதீர்கள். தாவல், நடந்து வந்து த்ரோ, டிரைவ் இம்பாக்ட் என மூன்றைத் தனித்தனியாகப் பதிவுசெய்து, எது வரும் என்று தெரியாதபடி மாற்றி மாற்றி வரவிடுங்கள். பத்துக்கு ஒன்பது என்று தாங்கள் சொன்ன எண் முதல் நாளே நான்குக்கு இறங்கிவிடும். அந்த நான்குதான் அவனுடைய உண்மையான நிலை. மேட்சிலும் அதுவே வெளிப்படுகிறது.

அடுத்தது ரீப்ளே, அதாவது முடிந்த மேட்சின் பதிவு. அடி விழும் இடத்தில் நிறுத்தாதீர்கள், அதற்கு இரண்டு விநாடி முன்னால் நிறுத்தி, “இந்த இடத்தில் நீ எதை எதிர்பார்த்துக்கொண்டிருந்தாய்?” என்று மட்டும் கேளுங்கள். தாங்கள் முதலில் பேசினால் அவன் தலையாட்டுவான், அவ்வளவுதான். அவன் பேசினால், காம்போவுக்கு வாய்ப்புத் தேடித் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான் என்பது தானாக வெளிவரும். (டெக்கன் 8 என்ற மற்றொரு சண்டை ஆட்டத்தில் இதற்கு ஒரு வசதி உண்டு: ரீப்ளேயை நிறுத்திய இடத்திலிருந்தே ஆட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, வேறு முடிவைச் செய்து பார்க்கலாம்.)

மறுமொழி 2

மேலே சொன்னவற்றுடன் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் கோல்டில் இருப்பவனுக்கு ரீப்ளே ஆராய்ச்சியைவிடக் கூடுதல் மேட்சுகளே தேவை என்பது என் கருத்து. தாங்களே அவனுடன் ஆடுங்கள். ஆனால் மாஸ்டராக ஆடாதீர்கள். பத்துக்குப் பூஜ்யம் என்று அடித்துத் துவைத்தால் அவன் கற்றுக்கொள்வது தங்களிடம் தோற்பதை மட்டும்தான். இன்று தாவலும் த்ரோவும் மட்டுமே என்று தங்களுக்குத் தாங்களே விலங்கு பூட்டிக்கொண்டு ஆடுங்கள்.

கைதான் பிரச்சினை என்று தெரிந்தால் மாடர்ன் கன்ட்ரோல்களையும் யோசிக்கலாம். ஒரே பட்டனில் ஷோர்யுகென் வரும்; அதற்கு விலையாக அடியின் வலு 20 விழுக்காடு குறையும். அதை ஏமாற்று என்று சிலர் முகம் சுளிப்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. மூன்று அசைவுகளையும் பதிவுசெய்து சோதித்தேன். நான்கு என்று எச்சரித்திருந்தீர்கள், வந்தது மூன்று. ரீப்ளேயைப் பார்த்தபோது தம்பி தானாகவே, “நான் ஃபயர்பால் போடும் அவசரத்தில் இருந்தேன், அண்ணா” என்றான். இரண்டு மாதங்களாக அவனிடம் நான் இதைக் கேட்கவே இல்லை என்பது உறைத்தது.

நண்பனின் விஷயம் இன்னும் பிடிபடவில்லை. பதற்றம் வந்துவிட்டால் அவனுக்கு எதுவும் காதில் விழுவதில்லை. உள்ளூர்ப் போட்டி ஒன்றுக்கு இருவரும் பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்பதால் கேட்கிறேன்.

மறுமொழி 3

பதற்றம் கார்னரில் தொடங்கியது என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அது பத்து விநாடி முன்பே தொடங்கியிருக்கும். அவனுடைய ரீப்ளேயில் டிரைவ் கேஜை மட்டும் பாருங்கள். ரவுண்டு தொடங்கும்போது 6 கட்டை இருக்கிறது. அடியை ரத்து செய்து பாயும் டிரைவ் ரஷ்ஷுக்கு ஒரு முறைக்கு 3 கட்டை போகும். கேமியை வைத்து ஆடும் இளைஞர்கள் உற்சாகத்தில் இரண்டு முறை பாய்ந்துவிட்டு பர்ன்அவுட்டில், அதாவது கேஜ் காலியான நிலையில், நிற்பார்கள். அந்த நிலையில் கார்னரில் எதிராளியின் டிரைவ் இம்பாக்ட் வந்தால், பிளாக் செய்தாலும் சுவரில் மோதி மயங்க வேண்டியதுதான். அதை நன்றாக அறிந்தவன் என்பதால்தான் அவன் பட்டன்களை அழுத்தித் தள்ளுகிறான். அது ஒரு வகையில் நியாயமான பயம். எனவே “பதறாதே” என்று சொல்வதை விட்டுவிட்டு, ஒரு வாரம் முழுவதும் பர்ன்அவுட் ஆகாமல் ரவுண்டை முடிப்பதை மட்டுமே இலக்காக வையுங்கள். வென்றானா தோற்றானா என்று கேட்காதீர்கள். எத்தனை ரவுண்டு பர்ன்அவுட் இல்லாமல் போனது என்று கேளுங்கள்.

கைவேகம் போதவில்லை என்று அவன் சொன்னால் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டுப் போட்டியைக் காட்டுங்கள். 2023இல் அங்கே ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5இல் தங்கம் வென்ற தென் கொரியாவின் கிம் குவான் வூவுக்கு அப்போது வயது 44. அதேபோல், 2004இல் ஈவோ என்ற பெரிய சண்டை ஆட்டப் போட்டியில், ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3இல், ஜஸ்டின் வோங்கின் சுன் லீ போட்ட 15 அடிகள் கொண்ட சூப்பர் தாக்குதலை, ஒரு துளி உயிரோடு இருந்த டைகோ உமெஹாரா ஒன்று விடாமல் தடுத்த காணொளியை இருவரும் கட்டாயம் பார்த்திருப்பார்கள். அந்த ஆண்டு அந்த ஆட்டத்தின் பட்டத்தை வென்றவர் டைகோ அல்லர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? மாணவர்கள் அந்தத் தடுப்பைப் பழகத்தான் ஆசைப்படுவார்கள். தாங்கள் தாவலைத் தடுக்கப் பழக்குங்கள்.

போட்டி நாளில் ஆட்டத்துக்கு நடுவே பேசலாமா என்பது போட்டிக்குப் போட்டி மாறுபடும். அமைப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி இருந்தாலும் ஒரு மேட்சுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள். அதுவும் எதிராளியைப் பற்றியதாக இருக்கட்டும். “கீழே விழுந்து எழும்போதெல்லாம் ஓவர்டிரைவ் (டிரைவ் கேஜைச் செலவழித்து வலுவூட்டிய) ஷோர்யுகென் போடுகிறான், அருகே போய் பிளாக் செய்து நில்” என்பது போல. அவனுடைய தவறுகளை வீட்டுக்கு வந்த பிறகு, சாப்பிட்டு முடித்த பிறகு பேசிக்கொள்ளலாம்.