பெயரில்லாத அருவிக்கு வழி சொல்லலாமா?

ஓடைக்கரை எழுதியது:

காட்டுக்குள் இருக்கும் சிறிய அருவிகளையும் குறுகிய மலையிடுக்குகளையும் பற்றி நான் எழுதிவந்த குறிப்புகளில் ஏழிலிருந்து வழி விவரங்களை நேற்று எடுத்துவிட்டேன். படங்களும் வருணனையும் அப்படியே இருக்கின்றன. எந்த வளைவில் இறங்குவது, எந்த ஓடையைப் பிடித்து மேலேறுவது என்பவை மட்டும் இனி இருக்கமாட்டா. காரணம் கேட்டுச் சிலர் எழுதியதால் பொதுவிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவற்றுள் ஒன்று இரண்டு ஆள் உயரம் மட்டுமே விழும் அருவி. நான்கு ஆண்டுகளுக்கு முன் நான் அங்கே போனபோது பக்கப் பாறையில் கை வைக்க இடமில்லாதபடி பாசியும் பெரணியும் மூடியிருந்தன. சென்ற மாதம் போனபோது, படம் எடுக்க வசதியான இடப்பக்கம் முழுவதும் மொட்டைப் பாறையாகக் கிடந்தது. பேரருவியின் சாரல் பல ஏக்கருக்குப் பரவும். ஒரு பக்கம் கூட்டம் நின்றாலும் மறுபக்கம் பிழைத்துக்கொள்ளும். சிற்றருவியின் சாரல் ஓர் அறை அளவுதான், அதில் நான்கு பேர் நின்றாலே நிறைந்துவிடும்.

அருவிச் சாரலின் ஈரத்தையே உலகமாகக் கொண்ட உயிர்கள் உண்டு. தான்சானியாவின் கிஹான்சி மலையிடுக்கில், அருவிச் சாரல் படும் ஏறத்தாழ இரண்டு ஹெக்டேர் பரப்பில் மட்டுமே ஒரு சிறு தேரை வாழ்ந்தது. முட்டையிடாமல் குட்டியாகவே ஈனும் அந்தத் தேரை உலகில் வேறெங்கும் இருக்கவில்லை. 2009இல் அது இயற்கைவெளியில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. நாம் மிதிக்கும் பாறையில் எது வாழ்கிறது என்று பார்க்காமலேயே அதற்கு வழி எழுதி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

செங்குத்துப்பாறை எழுதியது:

நண்பர் ஓடைக்கரையின் வருத்தம் நியாயமானது. அவர் எடுத்துக்காட்டிய சான்றோ அவருக்கு எதிராகவே பேசுகிறது. கிஹான்சித் தேரையின் வீழ்ச்சி நடைப்பயணிகளால் தொடங்கவில்லை. 1996இல் அது அறிவியலாளர் கண்ணில் முதன்முதலாகப் பட்டபோதே அங்கே நீர்மின் திட்டத்தின் வேலை நடந்துகொண்டிருந்தது. 2000ஆம் ஆண்டில் அருவியின் நீரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு மின்நிலையத்துக்குத் திருப்பப்பட்டது, சாரல் நின்றது. பின்னர் செயற்கைத் தெளிப்பான்களை வைத்தார்கள். அமெரிக்க உயிரியல் பூங்காக்களில் வளர்த்த தேரைகளை 2012இல் அதே மலையிடுக்கில் கொண்டுவந்து விட்டார்கள். அணை கட்டும் முன்பே அந்த இடத்தை ஊரும் உலகமும் அறிந்திருந்தால், குறைந்தபட்சம் கேள்வி கேட்கவாவது ஆள் இருந்திருக்கும். எவரும் பார்த்திராத அருவி வற்றினால் யார் அழுவார்?

மேலும், பாசி உரிவதற்குக் காரணம் ஆட்கள் வருவது அன்று, எங்கே நிற்பது என்று தெரியாமல் வருவது. குரோஷியாவின் பிளிட்விட்சே ஏரிகளில் அருவிகள் விழும் தடுப்புகளே பாசியின் மேலும் பாசிப்படலங்களின் மேலும் சுண்ணாம்பு படிந்து வளர்ந்தவை. மிதித்தால் அருவியின் எலும்பே உடையும். அங்கே மக்களைத் தடுக்கவில்லை. மரநடைபாதை போட்டு, நீரில் இறங்குவதை மட்டும் தடைசெய்திருக்கிறார்கள். ஸ்லோவேனியாவின் வின்ட்கார் மலையிடுக்கும் அப்படியே: 1893இல் திறந்த 1.6 கிலோமீட்டர் நடைவழி, இன்றும் பாறைச் சுவரில் தொங்கும் மரப்பாதையில்தான் போகிறது. இப்போது நெரிசலைக் குறைக்க ஒருவழியாக மட்டுமே நடக்க விடுகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். வழியை மறைத்தாலும் நீங்கள் போவீர்கள், உங்கள் நண்பர்கள் போவார்கள். புதிதாக வருகிறவருக்கு மட்டும்தான் கதவு அடைபடுகிறது.

ஓடைக்கரை எழுதியது:

கடைசிப் பத்தி தைத்தது, ஒப்புக்கொள்கிறேன். தேரையைக் குறித்த திருத்தமும் சரியே; எனினும் நீர் திருப்பப்பட்டதற்குப் பின் எஞ்சிய தேரைகளிடையே 2003இல் பெருஞ்சாவு நேர்ந்தபோது, நீர்நில வாழ்விகளைக் கொல்லும் பூஞ்சைத் தொற்றும் அவற்றில் கண்டறியப்பட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தவகைப் பூஞ்சை ஈரமான காலணியிலும் சேற்றிலும் பயணம் செய்யக்கூடியது. ஓர் ஓடையிலிருந்து மறு ஓடைக்கு அதே நாளில் உலராத காலணியோடு போகிற நம்மைப் போன்றவர்கள் அதை எண்ணிப் பார்ப்பதே இல்லை.

பிளிட்விட்சேயும் வின்ட்காரும் நிர்வாகம் உள்ள இடங்கள். மரப்பாதை அழுகினால் மாற்றவும், வேலியைத் தாண்டினால் தடுக்கவும் அங்கே ஆள் இருக்கிறார்கள். நான் எழுதிய ஏழில் நான்குக்குப் பாதையே இல்லை, ஓடைதான் பாதை. அவற்றுக்கு வழி எழுதினால் கூட்டம் முதலில் வரும். நடைபாதை பின்னர் வரலாம், வராமலும் போகலாம்.

பாதை இருக்கும் இடத்திலும் மனிதர் அதிலேயே நிற்பதில்லை. கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் ஜான்ஸ்டன் மலையிடுக்கு இருக்கிறது. பாறைச் சுவரோடு ஒட்டிய நல்ல நடைவழி உண்டு. அருவியின் பின்னாலும் ஈரப் பாறை இடுக்கிலும் கூடு வைக்கும் கருப்பு உழவாரன் பறவைகளுக்கு அது வாழிடம். அந்தப் பறவை ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். நடைவழியை விட்டு விலகிப் போக மக்களே மிதித்து உண்டாக்கிய கிளைப்பாதைகளை, கூடுகளைக் காப்பதற்காகச் சட்டப்படி மூட வேண்டியதாயிற்று.

செங்குத்துப்பாறை எழுதியது:

மூட முடிந்தது என்பதைக் கவனியுங்கள். யாவரும் அறிந்த இடம் என்பதால்தான் மூட முடிந்தது.

மழைக்குறி எழுதியது:

இருவரும் ‘எங்கே’ என்பதைப் பற்றியே வாதாடுகிறீர்கள். காட்டோடைகளில் பல ஆண்டுகளாகக் குழுக்களை அழைத்துச் சென்றவன் என்ற முறையில், ‘எப்போது’ என்பதைக் கேட்காத இந்த விவாதம் எனக்குப் பாதியாகவே தெரிகிறது.

பல மலையிடுக்குகள் உருவான விதத்தை நினைத்துப் பாருங்கள். மேலே கெட்டிப் பாறை, கீழே மென்பாறை. விழும் நீர் அடிப்பாறையைக் குடைய, மேற்பாறை தாங்கலிழந்து உடைய, அருவி கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னே நகர்கிறது. அது விட்டுவந்த வழியே குறுகிய பிளவாக நிற்கிறது. பெருமழையில் ஓடை பெருகும்போது அகலத்தில் பரவ அங்கே இடம் இல்லை. நீர் உயரத்தில்தான் ஏறும். மழை நம் தலைக்கு மேல் பெய்ய வேண்டும் என்பதும் இல்லை. 1999 ஜூலை 27 அன்று, சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கன் அருகே சாக்செட்பாக் மலையிடுக்கில் இறங்கிய குழுவினரில் 21 பேர், மேல்பகுதியில் பெய்த இடிமழையால் பாய்ந்துவந்த வெள்ளத்தில் இறந்தார்கள். அவர்களுள் மூவர் வழிகாட்டிகள். இடம் தெரியாதவர்கள் அல்லர்.

சிற்றருவி என்றால் ஆபத்தும் சிறிது என்ற எண்ணமும் தவறு. பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல், கீழே வரும்போது மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். அருவியில் தலை நீட்டுகிறவர் தண்ணீரை மட்டுமே பார்க்கிறார், அதனோடு வரும் கல்லையும் கொம்பையும் பார்ப்பதில்லை. அடியில் உள்ள கசத்தில் நுரைத்துக் கிடக்கும் நீர் காற்று கலந்தது. தெளிந்த நீர் தாங்குவதுபோல் அது உடலைத் தாங்காது, நன்றாக நீந்துகிறவரும் அதில் மேலே வரத் திணறுவார். நீர் மிகக் குளிர்ந்திருந்தால் விழுந்த கணத்திலேயே தன்னையறியாமல் மூச்சை உள்ளே இழுப்போம். தலை நீருக்குள் இருந்தால் அந்த ஒரு மூச்சே போதும்.

ஆகவே நண்பர் செங்குத்துப்பாறைக்கு: வெறும் இருப்பிடக் குறியைக் கொடுப்பது கதவைத் திறப்பது ஆகாது. கோடையில் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு மழைக்காலத்தில் வருகிறவர் வேறோர் ஓடைக்குத்தான் வந்து சேர்கிறார். நண்பர் ஓடைக்கரைக்கு: படத்தை விட்டுவிட்டு வழியை எடுப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். ஆசையை அப்படியே வைத்துவிட்டுத் தகவலை மட்டும் எடுத்துவிட்டீர்கள். படத்தைப் பார்த்தவர் ஊகித்துக்கொண்டு தவறான ஓடையில் ஏறுவார். அங்கே திரும்பி இறங்குவது ஏறியதைவிடக் கடினம் என்பது வழுக்குப்பாறையின் நடுவில் நிற்கும்போதுதான் அவருக்குத் தெரியவரும்.

செங்குத்துப்பாறை எழுதியது:

வெறும் குறி போதாது என்பதை ஏற்கிறேன்; என்னுடைய பழைய பதிவுகளில் பாதி அப்படித்தான் இருக்கின்றன, திருத்துவேன். ஆனால் மழைக்குறி அவர்களே, நீங்கள் சொன்னதை எல்லாம் எழுதி வைப்பதும் வழி சொல்வதுதானே? நீர் திடீரெனக் கலங்குவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, இரைச்சலின் தொனி மாறுவது ஆகிய அறிகுறிகளைக் கண்டால் எந்தப் பக்கம் ஏறித் தப்பலாம் என்று சொல்ல, அந்த இடத்தைப் பெயரிட்டுத்தானே ஆக வேண்டும்?

மழைக்குறி எழுதியது:

ஆம். நான் மறைக்கச் சொல்லவில்லை. தப்பும் இடத்தைச் சொல்ல முடியாத எவரும் போகும் வழியைச் சொல்லக் கூடாது என்கிறேன்.

ஓடைக்கரை எழுதியது:

படத்தை வைத்துவிட்டு வழியை எடுத்தது பிழை என்பது எனக்கு உறைத்தது. பாதையில்லாத நான்கு அருவிகளின் படங்களையும் இன்று எடுத்துவிட்டேன். அவற்றைப் பற்றி இனி எழுதுவதாக இல்லை. இதில் நண்பர் செங்குத்துப்பாறைக்கு உடன்பாடு இருக்காது, இருக்கவும் வேண்டியதில்லை.

நடைவழி உள்ள மூன்றுக்கும் விவரங்களைத் திரும்பச் சேர்க்கிறேன்: எந்த மாதங்களில் போகக் கூடாது, எந்தப் பாறைக்கு அப்பால் இறங்கக் கூடாது, நீர் ஏறினால் எந்தச் சரிவில் ஏறலாம் என்பவற்றோடு. இரண்டுக்கு இன்றே எழுதிவிடுவேன். மூன்றாவதன் மேல்நீர்ப் பகுதியை நான் ஒருமுறைகூட ஏறிப் பார்த்ததில்லை. மழை முடிந்ததும் போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகே அந்தப் பதிவைத் திறப்பேன்.