பைன் காட்டு மண்ணை அள்ளிட்டு வந்து தோட்டத்துல போடலாமா? அந்த சிவப்பு காளான் நம்ம ஊரோடதா?

கோத்தகிரி_செல்வி:
வணக்கம். எங்களுக்கு கோத்தகிரி பக்கம் கொஞ்சம் நிலம் இருக்கு, முன்னாடி கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில் மரம்) நின்ன இடம், வெட்டிட்டு இப்ப காலியா கெடக்கு. ஓரத்துல வரிசையா பைன், உள்ள சோலை மரம், அதான் இந்த மலையோட சொந்தக் காட்டு மரம், வைக்கலாம்னு வீட்டுக்காரர் சொல்றாரு. கன்னு வாங்கப் போன எடத்துல, ஊட்டி பக்கம் தலைகுந்தா பைன் ஃபாரஸ்ட்ல மரத்தடி மண்ணு ரெண்டு சாக்கு எடுத்துட்டு வந்து குழிக்கு ஒரு கை போடுங்க, இல்லன்னா பைன் வளராது, எல்லா கன்னுக்குமே நல்லதுன்னு சொன்னாங்க. போய் பாத்தோம், மழை விட்ட நேரம், ஊசி இலை மெத்தையா கெடக்கற எடத்துல செக்கச்செவேல்னு குடை மாதிரி காளான், மேல வெள்ளை வெள்ளையா பொரி ஒட்டுன மாதிரி புள்ளி. பொண்ணு தொட்டுப் பாத்துட்டா, எனக்கு திக்குன்னு ஆயிடுச்சு. சோலைக்குள்ள இத நான் பாத்ததே இல்ல. இது எங்கேர்ந்து வந்துச்சு, மண்ண எடுத்துட்டு வரலாமா, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

காளான்_தேடி:
மொதல்ல பயப்படாதீங்க மேடம், தொட்டா ஒண்ணும் ஆகாது, கைய கழுவுனா போதும். வாயில வெக்கறதுதான் ஆபத்து. நீங்க சொல்றது அமனிட்டா மஸ்காரியா. அந்த வெள்ளைப் புள்ளி தோல்ல இருக்கற நிறம் கெடையாது, சின்னதா இருக்கும்போது மொத்த காளானையும் மூடியிருந்த உறை கிழிஞ்சு ஒட்டிக்கிட்ட துணுக்கு, நல்ல மழை அடிச்சா கழண்டு போயிடும், அப்புறம் வெறும் சிவப்பா ஆரஞ்சா இருக்கும், அதனால புள்ளி இல்லன்னா வேற காளான்னு நெனச்சிடாதீங்க. சாப்ட்டா வாந்தி, மயக்கம், புத்தி தடுமாற்றம் எல்லாம் வரும்.

நம்ம ஊரோடதான்னு கேட்டீங்க, இல்ல. தென்னிந்தியாவுல இயற்கையா பைனே கெடையாது. அங்க நட்டிருக்கறது பைனஸ் பட்டூலா, மெக்சிகோ மரம். பைனோட வேர்நுனி தனியா வேலை செய்யாது, ஒரு பூஞ்சை அந்த நுனிய சுத்தி உறை மாதிரி போத்திக்கிட்டு, மண்ணுலேர்ந்து தண்ணி, பாஸ்பரஸ், நைட்ரஜன் எடுத்துக் குடுக்கும், மரம் பதிலுக்கு சர்க்கரை குடுக்கும். ஊசி இலைய ஒதுக்கிட்டு மேல் மண்ண லேசா கிளறிப் பாருங்க, குட்டி குட்டியா கவட்டை மாதிரி ரெண்டா பிரிஞ்ச வேர்நுனி வெள்ளையாவோ பழுப்பாவோ தடிச்சிருக்கும், அதுதான். நீங்க மேல பாத்த காளான் அந்த பூஞ்சையோட காய்னு வெச்சுக்கலாம், ஆளு மண்ணுக்குள்ளதான் இருக்கு. மரத்தோடயும் அதோட வேர் மண்ணோடயும் வந்து சேந்ததுங்க இதெல்லாம். நீலகிரி பட்டூலா வேர்ல அமனிட்டா மஸ்காரியா, சூயில்லஸ், லக்காரியா, தெலிஃபோரான்னு பல பூஞ்சைய சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990கள்லயே விவரமா எழுதிட்டாங்க. கற்பூர மரமும் அப்படித்தான், 1843லேர்ந்து இங்க இருக்கு, அதோட சேந்து இருக்கறது வேற ஒரு பூஞ்சைக் கூட்டம்.

மலைக்காடு:
மண்ணு விஷயத்துக்கு நான் வரேன். தயவு செஞ்சு எடுத்துட்டு வராதீங்க. கன்னு விக்கற எடத்துல சொன்னதுல பாதி உண்மை, பைனுக்கு அந்த பூஞ்சை இல்லன்னா வளர்ச்சி இருக்காதுங்கறது சரி. போர்ட்டோ ரிக்கோவுல பைன் கன்னு நட்டு நட்டு மஞ்சளாகி நின்னுச்சு, 1950கள்ல அமெரிக்காவோட வட கரோலினா பைன் காட்டு மண்ண கொண்டு போய் போட்ட பிறகுதான் எழுந்துச்சு. அந்த காலத்துல அத வெற்றின்னு கொண்டாடுனாங்க. ஆனா அதே விஷயத்த திருப்பிப் பாருங்க, பூஞ்சை இல்லாதவரைக்கும் பைன் தானா பரவ முடியாது, அதுவே ஒரு பூட்டு. நாம ஒரு சாக்கு மண்ண தூக்கிட்டுப் போய் அந்த பூட்ட தொறந்து விடறோம்.

அர்ஜென்டினாவுல நாவெல் வாப்பி ஏரி நடுவுல விக்டோரியா தீவுன்னு ஒண்ணு இருக்கு, அங்க போன நூற்றாண்டுல வெளிநாட்டு மரமா கொண்டு வந்து குவிச்சாங்க, ஆனா ரொம்ப காலம் பைன் தோப்ப விட்டு வெளிய பெருசா போகவே இல்ல. ஏன்னு ஆராய்ஞ்சவங்க 2009ல எழுதுனாங்க, தோப்புக்கு தூரமா இருக்கற மண்ணுல கன்னுக்கு கூட்டாளி பூஞ்சை கெடைக்கல, அதனால தேறல. அப்புறம் அதே குழு, வெளிநாட்டுலேர்ந்து விட்ட காட்டுப்பன்னியும் மானும் காளானத் தின்னு சாணத்துல அதோட வித்த (விதை மாதிரி தூள்) பரப்புதுன்னும் கண்டுபிடிச்சாங்க. சூயில்லஸ் லூட்டியஸ்னு ஒரே ஒரு பூஞ்சை போதும், பைன் புது எடத்துல பரவ ஆரம்பிச்சிடும். நம்ம மலையில காட்டுப்பன்னிக்கும் கடமானுக்கும் பஞ்சமா?

இன்னொண்ணு, இது என்னை ரொம்ப வருத்தப்பட வெக்கற விஷயம். ஈக்வடார்ல பாரமோன்னு சொல்ற உயர மலைப் புல்வெளியில பைன் நட்டாங்க, 20 வருஷத்துக்குள்ள மண்ணுல இருந்த கரிமம் (கார்பன்) 30 சதவீதம் வரைக்கும் கொறஞ்சிருக்கு, கூட வந்த பூஞ்சைதான் அந்த மண்ணுல சேந்திருந்தத தின்னு காலி பண்ணுதுன்னு 2001ல எழுதுனாங்க. நம்ம சோலைப் புல்வெளி மண்ணும் அதே மாதிரி கறுப்பா, தண்ணிய புடிச்சு வெச்சு ஓடைக்கு விடற மண்ணு. மரத்த நட்டு கார்பன் சேக்கறோம்னு புல்வெளியில கை வெக்கறவங்க இத படிக்கணும்.

ஈரோடு_மஞ்சக்காடு:
அண்ணா ஒரு டவுட். நாங்க மஞ்சளுக்கும் வாழைக்கும் வேம் (VAM, கடையில விக்கற வேர்ப்பூஞ்சை உரம்) வாங்கிப் போடறோம், அதுவும் வேர்ப்பூஞ்சைதான, நல்லா பலன் குடுக்குது. பூஞ்சைனாலே பயமுறுத்தற மாதிரி இருக்கே?

மலைக்காடு:
நல்ல கேள்வி தம்பி. வேம் வேற கூட்டம். அது வேர் செல்லுக்குள்ள போய் உக்காரும், காளானே விடாது, பயிர்ல முக்காவாசி, சோலை மரத்துல பெரும்பாலானது அதத்தான் நம்பியிருக்கு. பைன், ஓக், கற்பூர மரத்தோட சேர்றது வேருக்கு வெளிய உறை போடற வகை. ஒண்ணு நல்லது ஒண்ணு கெட்டதுன்னு நான் சொல்ல வரல, அமனிட்டா அதோட சொந்த ஊர் காட்டுல எவ்ளோ வேலை செய்யுது. எந்த எடத்துக்கு எத தூக்கிட்டுப் போறோம்ங்கறதுதான் விஷயம்.

கிறைஸ்ட்சர்ச்_தமிழன்:
நான் நியூசிலாந்துல இருக்கேன், இங்க கண்ணு முன்னாடியே நடக்குது. தானா பரவற பைன அழிக்க ஹெலிகாப்டர்லேர்ந்து மருந்து அடிக்கறாங்க, அரசாங்கம் கோடிக்கணக்குல செலவு பண்ணுது. செலவு பண்ணி வெட்டுனாலும் மண்ணுல பூஞ்சை வித்து மிச்சம் இருக்கு, பைன் எடுத்த எடத்துல டக்ளஸ் ஃபர்னு இன்னொரு வெளிநாட்டு ஊசியிலை மரத்தோட கன்னு சுலபமா ஏறுதுன்னு இங்க ஆய்வு வந்திருக்கு. அந்த சிவப்பு காளான் இப்ப பைன், பர்ச் மரத்தோட நிக்கல, இந்த ஊரோட சொந்த பீச் (beech) மரக் காட்டுக்குள்ளயே போயிடுச்சு, சொந்த மரத்தோட வேரையே புடிச்சிக்கிச்சு. அப்படி மரம் மாறிட்டா திருப்பி எடுக்க வழியே இல்ல.

காளான்_தேடி:
மரம் மாறறதுன்னதும் ஒண்ணு சொல்லியே ஆகணும். அமனிட்டா ஃபல்லாய்டஸ்னு இதோட உறவுக்காரன், ஐரோப்பாக்காரன், வெளிறுன பச்சை நிறம், பாக்க சாதுவா இருக்கும். கலிஃபோர்னியாவுல 1938லேர்ந்து பதிவு இருக்கு, இப்ப அந்த ஊர் சொந்த ஓக் மரத்தடியெல்லாம் அதுதான். ஆஸ்திரேலியா கான்பெராவுல ஐரோப்பிய ஓக் மரத்தோட வந்து, 2012 புத்தாண்டு விருந்துல அத சாப்ட்ட ரெண்டு பேர் செத்துப் போனாங்க. வேகவெச்சாலும் விஷம் போகாது, ஆறு மணி நேரத்துக்கு மேல ஒண்ணுமே தெரியாது, அப்புறம் வாந்தி பேதி, நடுவுல சரியான மாதிரி இருக்கும், அதுக்குள்ள ஈரல் போயிடும். உலகம் பூரா இப்படி ஊர் விட்டு ஊர் போன மரக்கூட்டாளி பூஞ்சை சுமார் 200 இனம்னு 2009ல கணக்கு எடுத்தாங்க. பெரும்பாலும் கன்னோடயும் மண்ணோடயும் வந்ததுதான்.

கோத்தகிரி_செல்வி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வீட்டுக்காரர்கிட்ட படிச்சுக் காட்டிட்டேன், பைன் வேணாம்னு முடிவு பண்ணிட்டோம். ஆனா எங்க நிலத்துல ஏற்கனவே கற்பூர மரம் இருந்துச்சே, அதோட பூஞ்சை மண்ணுல இருக்குமே, அதுல சோலை மரம் வருமா? வேம் வாங்கிப் போடணுமா?

மலைக்காடு:
தாராளமா வரும்மா. கற்பூர மர பூஞ்சைக்கு அதோட மரம் இருந்தாத்தான் சோறு, மரம் போனா அது மெல்ல அடங்கும், ஆனா வித்து கொஞ்ச நாள் கெடக்கும், அதனால அடிக்கட்டையிலேர்ந்து துளிர் வந்தா விடாம ஒடிச்சுக்கிட்டே இருங்க, சீகை விதையும் மொளைக்கும், அதையும் புடுங்குங்க. விக்கி, காட்டு செண்பகம், நாவல் இனம் இதுக்கெல்லாம் வேம் வகைதான் வேணும், அது உள்ளூர் மண்ணுலயே இருக்கு, பாக்கெட் வாங்க வேணாம். பக்கத்துலயே சோலை விதையிலேர்ந்து வளத்த நாத்தா பாத்து, அந்த பை மண்ண உதறாம அப்படியே குழியில வைங்க. காட்டுப்பூவரசு மட்டும் வேற கதை, அதுக்கு தனி வகை பூஞ்சை, அதையும் தாய்மரம் நிக்கற அதே மலையில வளத்த நாத்தா வாங்குங்க. அப்புறம் தலைகுந்தா போயிட்டு வந்தீங்கன்னு சொன்னீங்க, செருப்பு ஷூவுல ஒட்டுன மண்ண தோட்டத்துக்குள்ள போறதுக்கு முன்னாடி ரோட்டோரக் குழாய்லயே கழுவிடுங்க.