உள்ளுக்குள்ள திட்டுற குரல்: ‘பாசிட்டிவா சொல்லிக்கோ’ ஏன் எடுபடல?

கெடிலக்கரை:
கடலூர் மஞ்சக்குப்பத்துல குரூப் 4 வகுப்பு எடுக்குறோம். மாதிரித் தேர்வுல ரெண்டு கணக்கு தப்பானா போதும், "நீ எதுக்குடா லாயக்கு"ன்னு உள்ள ஒரு குரல் ஆரம்பிச்சுடுதுன்னு பசங்க சொல்றாங்க. "நான் ஜெயிப்பேன்"னு தினம் பத்து தடவை சொல்லச் சொன்னோம். ஏற்கெனவே துவண்டிருந்தவங்க இன்னும் துவண்டுட்டாங்க. ஏன்? வேற என்ன செய்யச் சொல்லலாம்?

நாலுகட்டம்:
எதிர்பார்க்க வேண்டியதுதான். 2009-ல கனடாவுல ஜோன் வுட்ங்கிற உளவியலாளரோட குழு இதையே சோதிச்சாங்க. சுயமதிப்பு குறைஞ்சவங்க "நான் நேசிக்கத் தகுந்தவன்"னு திரும்பத் திரும்பச் சொன்னப்போ மனநிலை இறங்கிச்சு. நம்பாத வாக்கியத்தைச் சொன்னா உள்ள ஒரு வக்கீல் எழுந்து எதிர்வாதம் பண்ணுவார். "அதை நினைக்காத"ன்னு அடக்கச் சொல்றதும் வேண்டாம். உளவியலாளர் வெக்னரோட 1987 சோதனையில, "வெள்ளைக் கரடியை நினைக்காதீங்க"ன்னு சொன்னாங்க. அந்த நினைப்பை முதல்ல அடக்கி வச்சவங்களுக்கு அப்புறம் அது கூடுதலாத்தான் வந்துச்சு.

நாற்பது பக்க நோட்டுல நாலு கட்டம் போடச் சொல்லுங்க: நேரம், என்ன நடந்துச்சு, குரல் சொன்ன வாக்கியம், வேதனை 0-லிருந்து 100-க்குள்ள எவ்வளவு. பெரும்பாலும் சொதப்புறது மூணாவது கட்டம். "டென்ஷன் ஆயிடுச்சு"ன்னு எழுதுவாங்க. அது உணர்ச்சி, வாக்கியம் இல்ல. குரல் சொன்னதை அப்படியே, "டா"வோட எழுதணும். "பாஸாவேனா?"ன்னு கேள்வியா வந்தா "பாஸாக மாட்டேன்"னு மாத்தி எழுதணும். கேள்வியைச் சரிபார்க்க முடியாது, கூற்றை முடியும். ஒரு வாரம் எழுதினா ரெண்டு மூணு வாக்கியமே சுத்திச் சுத்தி வர்றது தெரியும். அதுல ஒண்ணை எடுத்து, ஆதரவா என்ன இருக்கு, எதிரா என்ன இருக்குன்னு அடியிலேயே எழுதலாம். முடிவுல வரவேண்டியது "நான் கெட்டிக்காரன்" இல்ல. "வட்டிக் கணக்குலதான் அதிகம் தப்பு, மத்ததுல 7-க்கு 6 வந்திருக்கு" மாதிரி சப்புனு ஒரு வாக்கியம். சப்புனு இருந்தாத்தான் நம்புவாங்க.

புதுவைத்திண்ணை:
அந்த "டா"வைக் கவனிக்காம விட்டுடாதீங்க. உளவியலாளர் ஈதன் கிராஸ் குழுவோட 2014 ஆய்வுகள்ல, பதற்றமான நேரத்துல "நான்"னு பேசாம தன் பேரையோ "நீ"ன்னோ சொல்லித் தனக்குள்ள பேசினவங்க நல்லா சமாளிச்சாங்க. அது அமெரிக்காவுல நடந்தது. தமிழ்ல திட்டே பெரும்பாலும் "நீ"யிலதானே வருது? அதனால "நீ"யை மட்டும் மாத்தி பிரயோஜனம் இல்ல, மரியாதையையும் மாத்தணும்னு எனக்குத் தோணுது. பேரைச் சொல்லி, தம்பிக்குச் சொல்ற தொனியில: "செல்வம், இப்ப தப்பானது எது? அடுத்து எந்தக் கணக்கு?" ரெண்டு வரி, வாய்க்குள்ளேயே. பரீட்சை ஹால்ல அதுக்கு மேல நேரமும் கிடையாது.

கெடிலக்கரை:
நன்றிங்க. ராத்திரி படுத்ததும்தான் அதிகமா வருதாம், அதுக்கு?

நாலுகட்டம்:
கவலைக்குன்னு தனி நேரம் வைக்கணும். தினமும் ஒரே நேரம், ஒரே இடம், 20-லிருந்து 30 நிமிஷம். படிக்கிற மேசையும் பாயும் கூடாது. கடலூர் சில்வர் பீச் மணல் போதும். புதுச்சேரிப் பசங்கன்னா சாயங்காலம் 6 மணிக்கு மேல வண்டி ஓடாத பீச் ரோடு. பகல்ல குரல் வந்தா ஒரு வரி குறிச்சுட்டு "சாயங்காலம் பார்த்துக்கலாம்"னு தள்ளிப் போடணும். தூங்குறதுக்கு முன்னாடி அந்த நேரத்தை வச்சா பலிக்காது, தூக்கமும் போயிடும்.

கோரிமேட்டுக்காரர்:
ஒரு எச்சரிக்கை. "கதவைப் பூட்டினேனா", "கையில அழுக்கு இருக்கா"ன்னு விடாம அரிக்கிற ஓசிடி (திரும்பத் திரும்ப எண்ணம் வந்து, செஞ்சதையே செய்ய வைக்கிற மனநோய்) எண்ணத்துக்கு ஆதரவு-எதிர் எழுத வைக்காதீங்க. எழுதுறதே இன்னொரு சடங்காயிடும். அதுக்கு வேற சிகிச்சை இருக்கு.

குரல் வெளியிலிருந்து காதுல விழுற மாதிரி இருந்தா, தன்னைப் பத்தி ரெண்டு பேர் பேசிக்கிற மாதிரி கேட்டா, இதைச் செய்னு கட்டளை போட்டா, நோட்டை மூடிட்டு மனநல மருத்துவர்கிட்ட அனுப்புங்க. ரெண்டு வாரமா தினமும் சோர்வு, தூக்கமோ பசியோ கெட்டுப்போனாலும் அப்படித்தான். புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு. சாகணும்னு பேச்சு வந்தா தனியா விடாதீங்க. 14416, டெலி மானஸ்ங்கிற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம். நம்பரை வகுப்புப் பலகையில ஓரமா எழுதியே வச்சுடுங்க, தேவைப்படுறவன் வாய்விட்டுக் கேட்க மாட்டான்.