தனுஷ்கோடியும் கீழக்கரை தொதலும்: ஒரே நாளில் முடியுமா?

கேள்வி: ராமநாதபுரத்துல தங்குறோம். காலைல தனுஷ்கோடி, சாயங்காலம் கீழக்கரைல தொதல் (தேங்காய்ப்பால், கருப்பட்டி, அரிசி மாவு போட்டுக் கிண்டுற இனிப்பு). சரியா வருமா? அப்புறம், வீட்ல கிண்டினா தொதல் ஏன் கூழாவே நிக்குது?

பதில் 1: தாராளமா வரும் தம்பி. விடியக்காலை கிளம்புங்க. 1964 புயல்ல இடிஞ்ச சர்ச் கட்டடத்தைப் பார்த்துட்டு, நிலம் முடியுற அரிச்சல்முனைக்குப் போங்க. நிழல் கிடையாது, தண்ணி எடுத்துக்கோங்க. முனையில குளிக்க இறங்காதீங்க, சுழல் இழுக்கும். திரும்பி ராமநாதபுரம் வந்தா கீழக்கரை சுமார் 17 கிலோமீட்டர்தான்.

பதில் 2: தொதலுக்குக் கால் கிலோ பச்சரிசி மாவு, அரைக் கிலோ கருப்பட்டி, ரெண்டு பெரிய தேங்காய். கருப்பட்டியை முதல்ல கரைச்சு வடிகட்டணும், இல்லேன்னா மண்ணு பல்லுல நறநறங்கும். ரெண்டாம் பால்ல மாவைக் கட்டியில்லாமக் கரைச்சு, பாகு ஊத்தி, சிறுதீயில கிண்டுங்க. மாவு வெந்ததும் தலைப்பாலைக் கொஞ்சங்கொஞ்சமா விடுங்க. கெட்டியானதும் இறக்கிடுறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. அப்போ உள்ளே தண்ணி இருக்கும். ரெண்டே நாள்ல பூஞ்சணம் பூத்துடும். எண்ணெய் பிரிஞ்சு ஓரத்துல மினுங்கணும், கரண்டியோட மொத்தமாச் சுருண்டு வரணும். கை வலிக்கத்தான் செய்யும்.

பதில் 3: மேல தொதல் பத்திச் சொன்ன காக்கா (அண்ணன்) சொன்னது சரி. அடிகனமான உருளி இல்லேன்னா அடிப்பிடிச்சுரும். முந்திரியைக் கடைசியிலயே போடுங்க. தட்டுல கொட்டி ராத்திரி முழுக்க ஆறவிட்டு, மறுநாள் வெட்டுங்க. சூட்டோட வெட்டினா கத்தியிலயே ஒட்டிக்கும்.