புதுப்பிப்பு: தங்கையின் நர்சிங் கட்டணம்

பீடி சுற்றும் அம்மாவின் கூலியை நம்பியிருக்கும் வீட்டில், பி.எஸ்சி. நர்சிங் படிக்கும் தங்கைக்கு இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தை எப்படிக் கட்டுவது என்று ஆலங்குளத்திலிருந்து கேட்டிருந்தேன். கல்விக்கடன் கிடைத்துவிட்டது.

முதலில் சென்ற வங்கிக் கிளையில் வீட்டுப் பத்திரம் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். 4 லட்சம் ரூபாய் வரை பிணையம் தேவையில்லை, பெற்றோரும் சேர்ந்து கையெழுத்திட்டால் போதும் என்று உங்களில் ஒருவர் எழுதியதை நம்பி, கல்விக்கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்த பிறகே வேறொரு கிளையில் எங்கள் மனுவைக் கையில் எடுத்தார்கள். அங்கும் ஒரு சிக்கல்: அம்மாவின் பான் அட்டையில் பெயருக்குப் பின்னால் இருக்கும் ‘அம்மாள்’ ஆதாரில் இல்லை. அந்த ஒரு சொல்லைத் திருத்துவதற்குள் அம்மாவுக்கு மூன்று நாள் கூலி போயிற்று.

படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை என்றாலும், வட்டி ஏறிக்கொண்டே இருக்கும் என்பதால், வட்டியை மட்டுமாவது மாதந்தோறும் கட்டிவர முடிவு செய்திருக்கிறோம். 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால், புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கில் விழுகிறது. சீருடை, வெள்ளைக் காலணி, பதிவேடுகள் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. விடுதிக் கட்டணத்துக்குத்தான் இன்னும் வழி பிறக்கவில்லை.